பழைய ஊர் என்று எதைச் சொல்கிறோம்? – சின்னமனூரில் ஒரு மார்கழி நடை

2015 ஜனவரியில் வேலை விஷயமாக ஆறு வாரம் போலந்தில், வார்சாவில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே பழைய நகரத்துக்குள் காலை முழுக்க நடந்துவிட்டு, அன்று ராத்திரியே ‘பனியில் உறைந்த காலம்’ என்று ஒரு கட்டுரை எழுதி இங்கே போட்டேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். கல்வெட்டு, செப்பேடு என்று மண்டையை உடைத்துக்கொண்டு எழுதுவதை நாலு பேர் படிப்பார்கள். பனியைப் பற்றி எழுதினால் நாலாயிரம் பேர். போகட்டும்.

போன மார்கழியில் ஊருக்குப் போயிருந்தபோது சின்னமனூருக்குள் ஒரு காலை நடந்தேன். நடுவில் அந்தப் பழைய கட்டுரை ஞாபகத்துக்கு வந்தது. சென்னை திரும்பியதும் எடுத்துப் படித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. எழுத்து மோசமில்லை, சொன்ன விஷயம்தான் தப்பு. அந்தத் தப்பை நான் மட்டும் செய்யவில்லை என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஆகவே இது என் கட்டுரைக்கு நானே எழுதும் விமர்சனம்.

ஒரு செங்கல் குறையாமல்

அந்தக் கட்டுரையில் நான் எழுதிய வாக்கியம் இது: “எழுநூறு வருடக் கட்டடங்கள் ஒரு செங்கல் குறையாமல் நிற்கின்றன. நம் ஊரில் எழுபது வருட வீட்டைக்கூட விட்டுவைக்க மாட்டோம்.” பின்னூட்டங்களில் எல்லோரும் மேற்கோள் காட்டிப் பாராட்டியது இந்த வரியைத்தான்.

இதில் முதல் பாதி சுத்தப் பொய். தெரிந்து சொன்ன பொய் இல்லை, விசாரிக்காமல் சொன்ன பொய்.

வார்சாவின் பழைய நகரம் 13ஆம் நூற்றாண்டில் தோன்றியது என்பது உண்மை. ஆனால் 1944 ஆகஸ்டில் நகர மக்கள் ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். இரண்டு மாதத்தில் கிளர்ச்சி தோற்றது. அதற்குப் பழிவாங்க ஜெர்மானியப் படை தெருத் தெருவாக, வீடு வீடாக வெடி வைத்து நகரத்தைத் தகர்த்தது. பழைய நகரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. நான் பார்த்து உருகிய அந்தச் சந்தைச் சதுக்கம் 1953ல் திறக்கப்பட்டது. நுழைவாயிலில் கம்பீரமாக நிற்கும் அரண்மனையை 1971ல் கட்ட ஆரம்பித்து 1984ல் முடித்தார்கள். சின்னமனூரில் நான் படித்த காலத்துத் தியேட்டர்களில் சில அந்த அரண்மனையைவிட வயசில் மூத்தவை.

1980ல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது பழமைக்காகச் சேர்க்கவில்லை. அழிந்த நகரத்தை மறுபடி கட்டிய செயலுக்காகத்தான் சேர்த்தது.

எப்படிக் கட்டினார்கள்? இரண்டு விஷயம் கைகொடுத்தது. 18ஆம் நூற்றாண்டில் அரசவை ஓவியராக இருந்த பெல்லோட்டோ வரைந்த நகரக் காட்சிகள் ஒன்று. இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். வார்சா பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள் போருக்கு முன்பே பழைய வீடுகளை அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். அந்த வரைபடங்களை ஆக்கிரமிப்புக் காலம் முழுக்க ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். கல்லும் செங்கல்லும் போய்விட்டன, காகிதம் பிழைத்தது. காகிதத்திலிருந்து கல் திரும்பி வந்தது.

திரும்பி வந்ததும் அப்படியே வரவில்லை. பெல்லோட்டோ அழகுக்காகச் சில இடங்களை மாற்றி வரைந்தவர். கட்டியவர்களும் தங்களுக்குப் பிடித்த 17, 18ஆம் நூற்றாண்டுத் தோற்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் பின்கட்டுகளில் நெருக்கியடித்து எழும்பிய குடித்தன வீடுகளை மறுபடி கட்டவில்லை. செங்கல் போதாமல் மற்ற நகரங்களின் இடிபாடுகளிலிருந்தும் கொண்டுவந்தார்கள். ஆக, நான் பார்த்தது ஒரு நாடு தன் கடந்தகாலத்தை உட்கார்ந்து யோசித்து, திருத்தி, வெளியிட்ட இரண்டாம் பதிப்பு. அதை நான் முதல் பதிப்பு என்று நினைத்துக்கொண்டு, ‘காலம் உறைந்து நிற்கிறது’ என்று எழுதினேன். உண்மையில் அங்கே காலம் உறையவே இல்லை. நொறுங்கிப்போய், ஒட்டவைக்கப்பட்டது.

இதெல்லாம் ரகசியமும் இல்லை. சதுக்கத்திலேயே விளக்கப் பலகைகள் இருக்கின்றன. நான் அவற்றின் பக்கத்தில் நின்றுதான் படம் எடுத்திருக்கிறேன்.

ஏன் கண்ணில் படவில்லை?

ஏனென்றால் கட்டுரை எனக்குள் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. தமிழில் ஐரோப்பியக் குளிர்கால நடைக் கட்டுரைக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. முதல் பத்தியில் வெப்பநிலை. எனக்கு மைனஸ் ஒன்பது. இரண்டாவது பத்தியில் உள்ளே எத்தனை அடுக்குத் துணி போட்டோம் என்ற விவரம். மூன்றாவதில் கல் பாவிய தெரு, மஞ்சள் விளக்கு, எங்கிருந்தோ வரும் வயலின். நான்காவதில் காலம் உறைய வேண்டும். கடைசிப் பத்தியில் பெருமூச்சு: “நம்ம ஊர்ல இப்படி வெச்சிருப்பாங்களா?”

இந்த வார்ப்பில் ஊருக்கு வரலாறு கிடையாது, தோற்றம் மட்டும்தான். அந்த வீடுகளில் யார் குடியிருக்கிறார்கள், வாடகை எவ்வளவு, யார் பனியைத் தள்ளுகிறார்கள் என்று எழுத இடமில்லை. பெருமூச்சுக்கும் ஆதாரம் தேவையில்லை. படிக்கிறவரும் கூடச் சேர்ந்து பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். எழுதியவருக்கும் செலவில்லை, படித்தவருக்கும் செலவில்லை.

தமிழில் இதைவிட நல்ல முன்மாதிரி இல்லாமல் இல்லை. உலகம் சுற்றிய ஏ.கே. செட்டியார், தமிழ்நாட்டுக்குள் பழைய ஆட்கள் செய்த பயணங்களைப் பற்றிய கட்டுரைகளையும் தேடித் தொகுத்தார். வெளியே பார்த்த கண் உள்ளேயும் பார்த்தது. சிட்டியும் தி. ஜானகிராமனும் 1971ல் ‘நடந்தாய் வாழி காவேரி’ கொண்டுவந்தார்கள். தெரிந்த ஆற்றைத் தெரியாத நாட்டைப் போல விசாரித்துக்கொண்டு போன புத்தகம் அது. வெளிநாட்டுக்குப் போய் வியப்பது சுலபம். பஸ் மாறுவதற்காகத் தினம் இறங்கிய ஊரை விசாரிப்பதுதான் கஷ்டம்.

சின்னமனூர், காலை ஐந்தே முக்கால்

தமிழில் ஒரு வசதி. அங்கே கொட்டுவதும் பனி, இங்கே விழுவதும் பனி. மார்கழிக் கடைசியில் கம்பம் பள்ளத்தாக்கில் விடியற்காலை பனி மேகமலைச் சரிவிலிருந்து இறங்கி வயல்மேல் படுத்திருக்கும். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் தலையில் துண்டைச் சுற்றிக் காதை மூடியிருந்தார்கள். என்னிடம் துண்டு இல்லை. டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, “மெட்ராஸ்ல இருந்து வர்றீகளாண்ணே, காதுல காத்துப் போயிரும்” என்றார்.

தேனி–குமுளி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் தெருக்களில் கோலம் முடிந்து சாணியில் பூசணிப்பூ நட்டுக்கொண்டிருந்தார்கள். கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை. பொங்கலுக்கு இன்னும் சில நாள்தான், செங்கரும்புக் கட்டுகள் ஏற்றிய வண்டி ஒன்று ரோட்டோரம் நின்றது. பூலாநந்தீஸ்வரர் கோயில், தேரடி, கடைவீதி, திரும்ப ஆற்றுப்பக்கம். மொத்தமே ஒன்றரை மணி நேர நடை.

2015ஆம் வருடக் கண்ணோடு பார்த்தால் இங்கே எழுத ஒன்றுமில்லை. கான்கிரீட் மாடி, ஷட்டர் போட்ட கடை, பிளக்ஸ், ஒயர். ‘பழைய நகரம்’ என்று கயிறு கட்டிக் காட்ட ஒரு தெருகூட இல்லை. பெருமூச்சு விடுவதற்கு ஏற்ற இடம்.

ஆனால் அன்று என் போனில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதி இருந்தது. அதன் நான்காம் பகுதியில், 1929ல் எச். கிருஷ்ண சாஸ்திரி பதிப்பித்த சின்னமனூர்ச் செப்பேடுகள் இருக்கின்றன. சிறியது ஒன்று, பெரியது ஒன்று என இரண்டு தொகுதி. பெரிய செப்பேடு இரண்டாம் ராசசிம்மன் என்ற பாண்டியனுடையது, 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம். வடமொழியிலும் தமிழிலும் தன் வம்சத்தைச் சொல்லி, நற்செய்கைப்புத்தூர் என்ற ஊரை மந்தரகௌரவமங்கலம் என்று பெயர் மாற்றித் தானம் கொடுக்கிறான்.

இந்த ராசசிம்மன் சாதாரண ஆள் இல்லை, பாவப்பட்ட ஆள். முதலாம் பராந்தகச் சோழன் மதுரையைப் பிடித்தபோது ஈழத்துக்கு ஓடியவன் இவன்தான். மணிமுடியை ஈழத்து அரசனிடம் விட்டுவிட்டுத் தாயின் ஊரான சேர நாட்டுக்குப் போய்விட்டான் என்று இலங்கையின் வம்ச நூல் சொல்கிறது. அந்த முடியைச் சோழர்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள். நூறு வருடம் கழித்து ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி அதைக் கைப்பற்றியதாகப் பெருமை பேசுகிறது. ஆக, இடைக்காலத்தின் முதல் பாண்டியப் பேரரசு அணையப் போகும் நேரத்தில் தன்னைப் பற்றி நீளமாகப் பேசிய கடைசிப் பேச்சுகளில் ஒன்று இந்த ஊர்ப் பெயரில் நிற்கிறது.

ஊரின் அன்றைய பெயர் அரிகேசரிநல்லூர். கல்வெட்டுகள் ‘அளநாட்டுப் பிரமதேயம்’ என்கின்றன. அரிகேசரி என்பது பாண்டிய அரசர்களின் பட்டப்பெயர். இன்று அந்தப் பெயரில் ஒரு பஸ் ஸ்டாப்கூட இல்லை.

அந்தக் காலச் செப்பேடுகளில் எனக்கு மிகப் பிடித்த பகுதி எல்லை சொல்வது. தானம் கொடுத்த நிலத்தைச் சுற்றி ஒரு பெண் யானையை நடத்திக்கொண்டு போவார்கள். ‘பிடி சூழ்தல்’ என்று பெயர். கூடவே ஊர்க்காரர்களும் அதிகாரிகளும் நடப்பார்கள். இந்த வாய்க்காலுக்குத் தெற்கு, அந்தப் பாறைக்கு மேற்கு, இன்ன மரத்துக்கு வடக்கு என்று நடந்த வழியே எழுத்தாகும். யோசித்துப் பாருங்கள். இது வரைபடம் இல்லை. நடையை எழுத்தில் பதிந்துவைத்தது. நம்மிடம் உள்ள மிகப் பழைய ஊர் நடைக் குறிப்புகள் அரசு ஆவணங்களாகத்தான் இருக்கின்றன. அவற்றில் பெருமூச்சு இல்லை, அளவு இருக்கிறது.

இதே கண்ணோடு பள்ளத்தாக்கைப் பார்த்தால் ஊர்கள் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். சின்னமனூரிலிருந்து சுமார் 10 கி.மீ. தள்ளி உத்தமபாளையத்தில் கருப்பண்ணசாமி கோயில் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கீழே வட்டெழுத்து. மதுரைப் பக்கத்து மலைகளில் வரும் அச்சணந்தி என்ற முனிவரின் பெயர் அங்கேயும் வருகிறது. கிடாவெட்டு நடக்கும் கருப்பனுக்குத் தலைக்குமேலே கொல்லாமை சொன்னவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேலான அக்கம்பக்கம். ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக்கரைப் புலிமான்கோம்பையில் 2006ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். தமிழ்பிராமி எழுத்துள்ள நடுகற்கள். அதில் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடுபிடிச் சண்டையில், செத்துப்போன ஒருவனுக்கு வைத்தது. அந்தக் கூடல் ஊர் கம்பத்துக்குத் தெற்கே இன்றும் இருக்கும் கூடலூராக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கிறிஸ்துவுக்கு முந்தைய கல் அது. வார்சா ஒரு ஊராக ஆவதற்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் முந்தியது.

சரி, அப்படியானால் நாம்தான் பெரியவர்களா?

இல்லை. இந்த இடத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பெருமூச்சுக் கட்டுரைக்கு மாற்றாக நம்மிடம் இன்னொரு வார்ப்பு தயாராக இருக்கிறது. பெருமைக் கட்டுரை. வாட்ஸப்பில் தினம் ஒன்று வரும்.

எனக்கு வந்த ஒன்று: ‘மகாபாரதம் முதன்முதலில் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது நம்ம சின்னமனூரில்!’ இது எங்கிருந்து முளைத்தது என்று தெரியும். பெரிய செப்பேட்டில், தன் முன்னோர்கள் பாரதத்தைத் தமிழாக்கினார்கள், மதுரையில் சங்கம் வைத்தார்கள் என்று ராசசிம்மன் சொல்லிக்கொள்கிறான். செப்பேடு கிடைத்த ஊர் சின்னமனூர், சங்கம் வைத்ததாகச் சொல்வது மதுரையில். அதோடு ஒரு 10ஆம் நூற்றாண்டு அரசன் தன் தாத்தாக்களுக்குத் தாத்தாக்களைப் பற்றிச் சொன்னது, அந்தச் செயல் நடந்ததற்குச் சாட்சி ஆகிவிடாது. ஆனால் இன்னொன்றுக்கு உறுதியான சாட்சி. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்தவர்கள் நாங்கள் என்று சொல்லிக்கொள்வது 10ஆம் நூற்றாண்டுப் பாண்டிய அரசவைக்கே பெருமையாக இருந்திருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய செய்தி. பெருமைக் கட்டுரை பொய்யைப் பிடித்துக்கொண்டு, கையில் இருந்த இந்த உண்மையைத் தவறவிடுகிறது.

இன்னொன்று பென்னிகுவிக் கதை. இதைச் சொன்னால் ஊரில் எனக்குச் சோறு கிடைக்காது, இருந்தாலும் சொல்கிறேன். முல்லைப் பெரியாறு அணை 1887ல் தொடங்கி 1895ல் முடிந்தது. மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது. நான் சாப்பிட்டு வளர்ந்த சோறு அது. ஜனவரி 15 பென்னிகுவிக் பிறந்தநாள், தைப்பொங்கலை ஒட்டி வருகிறது. பள்ளத்தாக்கில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். 2013ல் லோயர்கேம்ப்பில் மணிமண்டபமும் வந்துவிட்டது. ஒரு பொறியாளனாக எனக்கு இதில் சந்தோஷம்தான்.

ஆனால் அவர் இங்கிலாந்தில் சொத்தை விற்று, மனைவி நகையை விற்று அணை கட்டினார் என்ற கதை? அணை மதராஸ் அரசின் பொதுப்பணித் துறை அரசுப் பணத்தில் கட்டியது. அதே திட்டத்தில் வேலை பார்த்த ஏ.டி. மெக்கன்சி 1899லேயே திட்ட வரலாற்றைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். ஆவணமில்லாத காலம் இல்லை அது. நகைக் கதை அவரைப் பெரியவராக்குவதாக நினைக்கிறோம். எனக்கென்னவோ சின்னவராக்குகிறது என்றுதான் படுகிறது. பெருங்காட்டில், வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போன இடத்தில், சுண்ணாம்புக் காரையை வைத்து அவ்வளவு பெரிய அணையை நிறுத்தியதுதான் அவருடைய சாதனை. அது போதாதா? இன்னொரு நஷ்டமும் உண்டு. நகை கதைக்குள் வந்ததும், மலேரியாவிலும் காலராவிலும் அந்தக் காட்டில் செத்துப்போன கூலித் தொழிலாளிகள் கதையை விட்டு வெளியே போய்விடுகிறார்கள். அவர்களில் ஒருத்தர் பெயராவது நமக்குத் தெரியுமா?

பெருமூச்சுக் கட்டுரையும் பெருமைக் கட்டுரையும் எதிரிகள் மாதிரி தெரியும். உண்மையில் சகோதரர்கள். ஒன்று ‘நம்மிடம் ஒன்றுமில்லை’ என்கிறது, இன்னொன்று ‘நம்மிடம் எல்லாமே இருந்தது’ என்கிறது. ரெண்டுமே தெருவில் இறங்கி எதையும் அளக்கச் சொல்லவில்லை.

பேக்கப் எடுக்காமல் டெலிட்

‘எங்களுக்குக் கட்டடம் முக்கியமில்லை, ஏடும் பெயரும் திருவிழாவும்தான் பழமை’ என்று சொல்லி முடித்துக்கொள்ளவும் முடியாது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் மன்னிப்பு. ஏன் என்றால் ஏடும் பெயரும்கூட இப்போது போய்க்கொண்டிருக்கின்றன.

பள்ளத்தாக்கில் ஒரு கோயில். பெயர் வேண்டாம். பத்து வருடத்துக்கு முன் அதிட்டானத்தில் நாலு வரி வட்டெழுத்தை நான் கைப்பட எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கும்பாபிஷேகத்துக்காக மணலைப் பீய்ச்சி அடித்துக் கல்லைச் சுத்தம் பண்ணியிருக்கிறார்கள். போன முறை போனால் கல் பளபளவென்று இருந்தது, எழுத்து விரலில் தட்டுப்படவே இல்லை. அங்கே இருந்த பெரியவரிடம் கேட்டேன். “அழுக்கா இருந்துச்சுல்ல தம்பி, நல்லா ஒரசி எடுத்துட்டாக” என்றார், சந்தோஷமாகத்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு அது சாமி வீடு. தன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல அதற்கும் செய்திருக்கிறார். அந்தக் கல்லில் எழுத்து இருக்கிறது, அதில் இன்னது எழுதியிருக்கிறது என்று படித்த ஒருத்தனும் அவரிடம் சொல்லவில்லை. பத்து வருடத்துக்கு முன் எழுதிக்கொண்டு போன நானும் சொல்லவில்லை.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். கும்பிடுகிற கோயில் மாறத்தானே செய்யும்? குடியிருக்கிற ஊர் மாறத்தானே செய்யும்? அருங்காட்சியகமாக நிறுத்திவைக்க முடியுமா? முடியாது, வேண்டியதும் இல்லை. சோழன் பாண்டியன் கட்டியதை மாற்றினான், நாயக்கர் சோழன் கட்டியதை மாற்றினார்கள். என் துறையிலும் பழைய கோடை அழித்து எழுதுவது தினசரி வேலை. ஆனால் பழைய பதிப்பைச் சேமித்துவிட்டுத்தான் கை வைப்போம். பேக்கப் எடுக்காமல் டெலிட் பண்ணினவனை எந்த கம்பெனியிலும் அடுத்த நாள் உள்ளே விடமாட்டார்கள். மாற்றுவது குற்றமில்லை. பதியாமல் மாற்றுவதுதான் குற்றம்.

வார்சா நமக்குச் சொல்லும் பாடம் இதுதான், 2015ல் நான் எழுதிய பாடம் இல்லை. அவர்கள் கட்டடத்தைக் காப்பாற்றவில்லை, காப்பாற்ற முடியவும் இல்லை. போருக்கு முன்னால் சில மாணவர்கள் டேப்பும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். அவ்வளவுதான். நாளைக்கு இந்த ஊர் தரைமட்டமாகும் என்று தெரிந்தா அளந்தார்கள்? பாடத்துக்காக அளந்தார்கள்.

தை பிறந்ததும் பிரிச்சிருவோம்

அன்று நடை முடியும் நேரத்தில் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரு வீடு. நாட்டு ஓடு, முன்னால் திண்ணை, ரெண்டு மரத்தூண். நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா, எழுபத்தைந்து வயசு இருக்கும், “யாரு வீட்டுப் பிள்ளப்பா நீயி? என்னத்தப் பாக்குற?” என்றார்.

வீட்டைத்தான் பார்க்கிறேன் அப்பத்தா என்றேன். சிரித்தார். “இதுல என்னத்த இருக்கு பாக்க? மழை பேஞ்சா அம்புட்டும் உள்ள. தை பிறந்ததும் பிரிச்சிருவோம். பேரனுக்குக் கல்யாணம் வச்சிருக்குல்ல, மாடி எடுக்கப் போறான்.”

எனக்குள் இருந்த 2015ஆம் வருடக் கட்டுரையாளன் உடனே எழுந்து, ‘பிரிக்காதீர்கள்’ என்று பிரசங்கம் பண்ணத் தயாரானான். ஒழுகுகிற வீட்டில் நான் குடியிருக்கப் போவதில்லை. ஆகையால் அவனை உட்காரச் சொல்லிவிட்டு, “அளந்துக்கிட்டுமா?” என்று மட்டும் கேட்டேன்.

“அளந்துக்க. விலைக்கா கேக்குற?”

“இல்ல அப்பத்தா, எழுதி வச்சுக்க.”

பக்கத்துக் கடையில் ஒரு டேப் வாங்கினேன். திண்ணை நீளம், தூண் உயரம், நிலைக்கதவின் அகலம், பட்டாசாலை, முற்றம், அடுப்படி. உத்திரம் என்ன மரம் என்று கேட்டால், “மலைவேம்பு, எங்க மாமனார் மேமலைல இருந்து வண்டியில கொண்டாந்தது” என்றார். தூணுக்கு அடியில் இருந்த கல் வேறு எதிலிருந்தோ எடுத்து வைத்தது போல் இருந்தது. ஓரத்தில் செதுக்கு வேலை தெரிந்தது. படம் எடுத்துக்கொண்டேன். நாற்பது நிமிஷம்தான் ஆனது. காபி கொடுத்தார். போகும்போது, “எல்லாம் எழுதிட்டியா? கொல்லையில ஒரு ஆட்டுரல் கெடக்கு, அதையும் எழுதிக்க” என்றார். போய் அளந்தேன்.

அந்த வீட்டை யாரும் திரும்பக் கட்டப் போவதில்லை. அதற்காக அளக்கவும் இல்லை. அந்தச் சந்தில் மழை எப்படி இறங்கியது, மரம் எந்த மலையிலிருந்து வந்தது, ஒரு குடும்பம் எத்தனை அடிக்குள் சமைத்துத் தூங்கியது என்று பிற்பாடு ஒருத்தர் கேட்டால் பதில் இருக்கட்டுமே என்றுதான்.

பழைய கட்டுரையை அழிக்கவில்லை. மேலே ஒரு குறிப்பு சேர்த்து, இதன் சுட்டியைக் கொடுத்திருக்கிறேன். வார்சா வாக்கியத்தையும் அடித்துத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன், தப்பும் ஒரு பதிவுதானே.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள், காலையில் பனி பலமாக இருக்கும்.